சாமி கேட்ட போத்தல்

திங்கட்கிழமைகளில் என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. அன்று காலையில் சமையல்கட்டு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, முதல் நாள் கோயிலுக்கு வந்த விஸ்கியைப் பற்றிச் சொல்வார். சத்தமாகச் சொல்ல மாட்டார். எங்கள் அடுக்குமாடியில் சுவர்கள் மெல்லிசு. பக்கத்து வீட்டில் குழாயைத் திறந்தால்கூட எங்களுக்குக் கேட்கும்.

“நேத்து மொதல்ல வந்தது கருப்பட்டி கருகின மாதிரி. ரெண்டாவது சும்மா தண்ணி, ஒன்னும் இல்ல. மூணாவது...” என்று நிறுத்துவார். நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி எடுப்பார். “மூணாவதுல காஞ்ச திராட்ச இருந்துச்சு. பாயாசத்துக்கு அடியில ஊறிப்போயி ஒன்னு கெடக்குமே, அது மாதிரி.”

நான் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். பதில் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. முதல் நாள் அந்த விஸ்கியைக் குடித்தது அவர் இல்லை, முனியாண்டி சாமி. அப்படித்தான் ஊருக்கும் கணக்கு, எங்கள் வீட்டுக்கும் கணக்கு.

அவர் பெயர் பத்துமலை. மலேசியாவில் ஈப்போ நகரத்தில் ஒரு குடியிருப்பு வாசலில் காவலுக்கு இருக்கிறார். கார் வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டு, போனதும் இறக்கிவிடுவார். பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அந்தத் தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, பிறகு அதிலும் பாதியை வீடு கட்ட விற்றார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயவீடுகளின் இடத்தில் இன்று டயர் கடை இருக்கிறது. சாமியை மட்டும் யாரும் நகர்த்தவில்லை. செம்பனை ஓரத்தில் ஒரு பெரிய மரம், அதன் கீழே தகரக் கூரை, கூரைக்குள் முறுக்கு மீசையும் அரிவாளுமாக முனியாண்டி.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரங்களில் அங்கே கூட்டம் கூடும். தைப்பிங்கிலிருந்தும் கோப்பெங்கிலிருந்தும்கூட வருவார்கள். உறுமி அடித்ததும் சாமி இறங்கும். வந்தவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி வாக்குக் கேட்பார்கள். சாமி இறங்குவது பத்துமலையின் மேல்.

அவர் கேட்டு வாங்கியது இல்லை அது. முன்பு சாமியாடியவர் இறந்த பிறகு சில வருஷங்கள் யார் மேலும் இறங்காமல் இருந்தது. எங்கள் மகள் பிறந்த வருஷத் திருவிழாவில், தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற இவர் மேல் வந்துவிட்டது. குடம் கீழே விழுந்து உடைந்தது. அன்றைக்குச் சாமியாடுபவர் கட்டும் கச்சையை இவர் இடுப்பில் கட்டிவிட்டார்கள். அவிழ்க்க யாரும் சொல்லவில்லை.

சாமி வரும் ஆளுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. வெளியில் குடிக்கக் கூடாது. கல்யாண வீடுகளில் மற்ற ஆண்கள் கார்களுக்குப் பின்னால் கூடி நிற்கும்போது, இவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஐஸ் கிரீம் சாப்பிடுவார். “மச்சான், ஒரே ஒரு டின் பீர், சாமிக்குத் தெரியாதுலா” என்று என் அண்ணன் எத்தனையோ முறை வம்புக்கு இழுத்திருக்கிறார். “சாமிக்குத் தெரியாமலா இருக்கும்? எம் மேலதான வருது, வாய் நாறுமே” என்பார் இவர். தன் சம்பளத்தில் ஒரு சொட்டுக்கூட வாங்கிக் குடித்ததில்லை. இவர் தொண்டையில் இறங்கியது எல்லாம் சாமிக்கு வந்தது.

இன்னொன்று கட்டுப்பாடுகூட இல்லை, இயல்பு. சாமி மலையேறிய பிறகு ஆளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. யார் வந்தார்கள், சாமி யாரைத் திட்டியது, என்ன வாக்குச் சொன்னது, எதுவும். இவருக்கும் அப்படித்தான். வீட்டுக்குத் திரும்பும் வழியில், “இன்னிக்குக் கூட்டமா?” என்று என்னைக் கேட்பார். அதில் பொய் இல்லை. ஏனென்றால் நான் அவர் காலைப் பார்ப்பேன். வாதத்தினால் இடது கால் விரல்களை இவரால் மடக்க முடியாது. செருப்பு மாட்டவே திண்டாடுவார். சாமி வந்தால் அந்த விரல்கள் மடங்கி மண்ணைக் கவ்விக்கொள்ளும். எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள். தலை நிமிர்ந்து ஆண்களின் முகத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லாததால் இதைக் கண்டுபிடித்தேன்.

எல்லாம் மறந்துபோகும் அவருக்கு, ருசி மட்டும் எப்படியோ தங்கிவிடும்.

முதலில் எங்கள் சாமிக்குச் சாராயமும் கருப்புப் பீரும்தான் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் லோரி ஓட்டவும், தொழிற்சாலைகளில் சூப்பர்வைசர் ஆகவும் தொடங்கிய பிறகு விஸ்கி வரத் தொடங்கியது. நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். போத்தலில் இருக்கும் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டுவதற்குள் சாமியே மலையேறிவிடும். ஆகவே உருவத்தை வைத்துத்தான் எனக்குத் தெரியும். சதுரப் போத்தல், மான் போட்ட போத்தல், கைத்தடி பிடித்து நடக்கும் ஆள் போட்ட போத்தல். சாமி ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடிக்கும். மீதியைக் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடும். அதைப் பிறகு ஆண்கள் மரத்தடியில் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

ஒரு வாய்தான். அந்த ஒரு வாயை வைத்துக்கொண்டு இவர் திங்கட்கிழமை முழுவதும் பேசுவார். மான் போட்டதில் பேரிக்காய் இருக்கிறது என்பார். சதுரப் போத்தலில் முதலில் ஒன்றும் தெரியாது, விழுங்கிய பிறகு நெஞ்சில் மிளகு ஏறும் என்பார். ஒருவருடைய மகன் ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது ஒன்று. “புது அலமாரியத் தொறந்தா ஒரு வாசம் வருமே, அதுல கொஞ்சம் சந்தனம் தேச்ச மாதிரி,” என்று சொல்லிவிட்டு நெடுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு நாள், “ஒரு சொட்டுத் தண்ணி விட்டா அது நல்லா விரியும்னு நெனைக்கிறேன்,” என்றார். “ஆனா முனியாண்டிக்கு யாரு தண்ணி கலந்து குடுப்பா?” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

மற்ற நாட்களில் அவர் சிரித்து நான் பார்ப்பது குறைவு. பகல் முழுக்க அந்தக் கட்டையைத் தூக்கி இறக்கிவிட்டு வந்து, சாப்பிட்டு, டிவியின் முன்னால் வாயைத் திறந்தபடி தூங்கிப்போவார். மகள் ஜோகூரில் இருக்கிறாள். தீபாவளிக்கு வருவாள். எங்கள் நாட்கள் ஒன்றைப்போல ஒன்று இருந்தன. அந்தத் திங்கட்கிழமைப் பேச்சை நானும் எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

அப்போதுதான் ஜெயபாலன் அந்தப் போத்தலைக் கொண்டுவந்தார்.

ஜெயபாலன் சுங்கை சிப்புட்டில் லோரிகள் வைத்து நடத்துபவர். கட்டைக் குரல், கழுத்தில் கனமான சங்கிலி, நல்ல மனசு. குடும்பத்தோடு லங்காவித் தீவுக்குப் போனவர் அங்கே வரியில்லாத கடையில் பார்த்து, பச்சை நிறத்தில் ஒரு போத்தலை வாங்கி வந்தார். சாமி அதில் ஒரு வாய் குடித்தது. பிறகு யாரும் எதிர்பார்க்காத விதமாக இன்னொரு வாய் குடித்தது.

அடுத்த நாள் காலையில் இவர் தைலத்தை எடுக்கவே இல்லை.

“மங்களம், அதுல பொகை இருந்துச்சு,” என்றார். “நம்ம பொகைக் கொட்டாய்.”

இளவயதில் இவருக்கு வேலை ரப்பர் ஷீட்டுகளைப் புகை போடும் கொட்டகையில். ஈர விறகை எரித்து, ஷீட்டுகள் பழுப்பாகும் வரை உள்ளேயே போய்ப் போய் வருவார். கண் எரிந்து, மூக்கில் கரி படிந்து, கல்யாணமான புதிதில் தலையணை உறையெல்லாம் அந்த நாற்றம்தான். நான் துவைத்துத் துவைத்து அலுத்துப்போவேன்.

“பொகைக்குப் பின்னால டிஸ்பென்சரி,” என்றார். “காயத்துக்குத் தடவுற மருந்து இருக்குமே, பழுப்பா, சுருக்குன்னு. அது. அதுக்கும் பின்னால உப்பு. லூமுட்டுல கடலோரமா நின்னா ஒதட்டுல ஒட்டும்ல, அந்த உப்பு.” பிறகு, “அந்தக் கொட்டாய நான் எவ்வளவு வெறுத்தேன்னு ஒனக்குத் தெரியும்தானே. ஏன் புடிச்சுது?” என்றார்.

அடுத்த ஞாயிறு ஜெயபாலன் வேறொரு போத்தலை, முன்னதைவிட உசத்தியானதை, பெட்டியோடு கொண்டுவந்தார். சாமி அதை வாங்கவில்லை. கையால் தள்ளியது.

“போன வாரத்துப் பொகை எங்கடா?” என்றது.

அவ்வளவுதான். கூட்டம் சிலிர்த்துப் போயிற்று. சாமி இத்தனை வருஷத்தில் இன்னது வேண்டும் என்று வாய்திறந்து கேட்டதில்லை. ஜெயபாலன் தரையில் விழுந்து கும்பிட்டார். நான் என் வீட்டுக்காரரின் காலைப் பார்த்தேன். விரல்கள் மடங்கித்தான் இருந்தன. ஆனால் கேட்டது யார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

மறுநாள், “நேத்து சாமி ஏதாச்சும் சொல்லுச்சா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சொன்னேன். அவர் தைலப் போத்தலின் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

“அது நான்,” என்றார். “சனிக்கெழமை பூரா கேட்டுல நின்னுக்கிட்டு அதையேதான் நெனைச்சுக்கிட்டிருந்தேன். ஞாயித்துக்கெழமை அது வரும்னு.”

“சாமியும் நெனைச்சிருக்கலாமே,” என்றேன்.

“சாமிக்கு எதுக்குடி கொட்டாய் ஞாபகம்?”

யாரோ அதைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள். இரண்டே மாதத்தில் பேராக் மாநிலம் முழுவதும், சுங்கை சிப்புட் முனியாண்டிக்குப் புகை விஸ்கிதான் பிடிக்கும் என்று ஆகிவிட்டது. மானும் சதுரமும் நடக்கிற ஆளும் காணாமல் போய், வரிசையில் எல்லார் கையிலும் பச்சைப் போத்தல். லங்காவிக்குப் போகிறவர்களிடம் சொல்லி வாங்கி வந்தார்கள். முடியாதவர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினார்கள். வாங்க முடியாத சிலர் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

திங்கட்கிழமைகளில் பேச்சு நின்றுபோயிற்று. எல்லாம் ஒரே ருசிதானே. “நேத்து எத்தன?” என்று மட்டும் கேட்பார். சொன்னால், கண்ணை மூடிக்கொள்வார்.

காளியம்மா எங்கள் கட்டடத்திலேயே கீழ்வீட்டில் இருப்பவள். ஒரு பேரங்காடியில் தரை துடைக்கிறாள். அவள் மகன் லோகன் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிறான். முன்பெல்லாம் போய்ப் பார்ப்பாள். கடைசியாகப் போனபோது அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு அவள் போகவில்லை. ஞாயிறு தவறாமல் சாமியிடம் வந்து, “எம் மவன் வீட்டுக்கு வருவானா?” என்று கேட்பாள். சாமி, “பொறு” என்று சொல்லும். தான் சின்னப் போத்தல் கொண்டுவருவதால்தான் சாமி முழு வாக்குச் சொல்லவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் பசாரில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, ஜெயபாலன் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அவரு ஆளு லங்காவிக்குப் போவுது. இந்த ஞாயித்துக்கெழமை வந்துரும்.”

“எது?”

“பொகை போத்தல்தான்.” சந்தோஷமாகச் சிரித்தாள். சிரித்தபோது தலை ஆடியது. காதில் எப்போதும் ஆடும் தோடுகள் ஆடவில்லை. ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க இரண்டு காதிலும் விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்துச் செருகியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மீனை ஊறவைத்தேன். அவர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். போத்தலையும் தோட்டையும் பற்றி மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை. அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல், காவல்காரத் தொப்பியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“எனக்காகக் கழட்டியிருக்கா,” என்றார் கடைசியில். “சாமிக்குன்னு நெனைச்சுக்கிட்டு எனக்குக் கழட்டியிருக்கா.”

அந்த ஞாயிறு கச்சை கட்டுவதற்கு முன்னாலேயே எல்லாரையும் கூப்பிட்டார். கோயில் தலைவர் பழனியப்பன் கற்பூரத் தட்டோடு வந்து நின்றார். நகராட்சியில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் முறைப்படி செய்கிறவர். ஜெயபாலன் வந்தார். உறுமிக்காரர்கள், வாக்குக் கேட்க வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். காளியம்மா முன் வரிசையில், புதுப் பச்சைத் துணியில் சுற்றிய போத்தலைப் பிள்ளையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

“பொகை போத்தல் கேட்டது சாமி இல்ல,” என்றார் என் வீட்டுக்காரர். “நான்தான். எனக்குப் புடிச்சிருந்துச்சு. கேட்டுட்டேன். இனிமே யாரும் கொண்டாராதீங்க.”

பிறகு ஜெயபாலன் சிரித்தார்.

“அண்ணே, அன்னிக்கு நான் என்னா கலர் சட்ட போட்டிருந்தேன்?”

“தெரியாது.”

“சாமி எனக்கு என்னா வாக்குச் சொல்லுச்சு?”

“தெரியாது.”

“சட்ட தெரியாது, வாக்குத் தெரியாது, போத்தலு மட்டும் தெரியுமா? யாருகிட்டண்ணே கத விடுறீங்க?”

“ருசி தெரியும், ஜெயபாலா.”

“வீட்டுல அண்ணி சொல்லியிருப்பாங்கலா,” என்றது பின்னால் ஒரு குரல். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் செம்பனைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பழனியப்பன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நோயாளியிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார். “பத்துமலை அண்ணே, கோவிச்சுக்காதீங்க. சாமி வந்தா ஆளுக்கு ஒன்னும் தெரியாது. நம்ம முன்னோர் காலத்துலேருந்து அப்படித்தான். அப்ப, நீங்க சொல்றத நாங்க எப்படி எடுத்துக்கிறது? சாமி வாயால கேட்டது. வேணாம்னா அதையும் சாமி வாயாலதான் சொல்லணும்.”

“அதுக்கு நான் இல்ல, சாமி வரணும்.”

“வரும்லா. எப்பவும் வர்றதுதானே.”

கச்சை கட்டினார்கள். மாலை போட்டார்கள். உறுமி அடிக்கத் தொடங்கியது.

சாமி வரவில்லை.

வழக்கமாக முதல் சுற்று அடி முடிவதற்குள் உடம்பு உதறும். அன்று இரண்டாவது சுற்றும் போயிற்று. உறுமிக்காரர் வேகத்தைக் கூட்டினார். பெண்கள் குலவை இட்டார்கள். கற்பூரம் எரிந்து அணைந்து, மறுபடி ஏற்றினார்கள். இவர் கண்ணை மூடி, கைகளைக் கோத்து, வேர்த்து வழிந்து நின்றார். உதடு அசைந்தது. அவர் கெஞ்சுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. இடது கால் விரல்கள் வீங்கி, நேராக, ஒன்றும் செய்யாமல் மண்ணின் மேல் கிடந்தன.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பழனியப்பன் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு இவரிடம் ஓடினார்.

அப்போது இவர் ஒரு சத்தம் போட்டார். சாமி போடும் அதே சத்தம். உடம்பு உதறியது. தலை சுழன்றது. கூட்டம், “சாமி! முனியாண்டி!” என்று கையெடுத்தது. நான் குனிந்து பார்த்தேன். விரல்கள் நேராகவே இருந்தன.

இத்தனை வருஷத்தில் அவர் செய்யாத காரியம் அது. கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“போத்தல் வேணாம்,” என்றார் சாமியின் குரலில். “பொகையும் வேணாம், ஒன்னும் வேணாம். இனிமே எனக்கு எளநீ போதும்.”

பழனியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, முறைப்படி நடந்துவிட்டதே என்று. ஜெயபாலனும் தலையை ஆட்டினார். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் காளியம்மா முன்னால் வந்து மண்டியிட்டாள்.

“எம்மேல கோவமா சாமி? நல்ல போத்தல்தான் சாமி. கேட்டதுதான். கொண்டாந்துட்டேன், இத மட்டும் வாங்கிக்க. எம் மவன் வீட்டுக்கு வருவானா, அத மட்டும் சொல்லு.”

இவர் நின்றார். சாமி இப்படி யோசித்து நிற்காது. “பொறு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதுவே எப்போதும் சொல்லும் வாக்குதான். அவர் வாய் திறந்தது, மூடியது.

“தெரியாது,” என்றார்.

உறுமி நின்றது.

“எனக்குத் தெரியாது தங்கச்சி. நீ போயி அவனப் பாரு. பேசாட்டியும் போயிப் பக்கத்துல ஒக்காரு.”

சாமி யாரையும் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. ஆனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. சாமிக்கே தெரியாது என்றதில் எல்லாரும் பயந்துபோயிருந்தார்கள். காளியம்மா அழவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு துணியை அவிழ்த்தாள்.

“சரி சாமி. ஆனா சன்னதிக்குக் கொண்டாந்தத திருப்பி எடுத்துக்கிட்டுப் போனா வேண்டுதல் நிக்காது. ஒரு வாய் குடிச்சிரு. அதுக்கப்புறம் வேணாம்.”

அதை மறுக்க முறை இல்லை. மறுத்தால் அவளையே மறுத்த மாதிரி. அவள் பித்தளைச் செம்பில் ஊற்றினாள். கொஞ்சம் மண்ணில் சிந்தியது. நான் நின்ற இடம்வரை புகை வாசம் வந்தது. கல்யாணமான புதிதில் தலையணை உறையில் இருந்த அதே வாசம்.

அவர் செம்பை வாங்கினார். குனிந்திருந்த அவள் தலையை, காதில் இருந்த ஈர்க்கைப் பார்த்தார். குடித்தார். உடனே விழுங்கவில்லை. கண்ணை மூடி, வாயில் வைத்துக்கொண்டு நின்றார். கூட்டம் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் எங்கள் பழைய காரை அவர்தான் ஓட்டினார். “இன்னிக்குக் கூட்டமா?” என்று கேட்கவில்லை. சுண்ணாம்பு மலைகள் தெரியத் தொடங்கின.

“நல்லா இருந்துச்சு, மங்களம்,” என்றார் பிறகு.

நான் திரும்பிப் பார்த்தேன்.

“அவ காதப் பாத்துக்கிட்டேதான் குடிச்சேன். அப்பவும் நல்லா இருந்துச்சு.”

சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடிக்கும்வரை அவர் காரை எடுக்கவில்லை.

அந்த வாரமே கச்சையைத் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொண்டுபோய்ப் பழனியப்பனிடம் கொடுத்துவிட்டார். பழனியப்பன் வாங்க மாட்டேன் என்றார். “ஒடம்பு முடியல” என்றார் இவர். முழங்காலைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். பழனியப்பனும் நம்பினார். சாமி வராமல் ஆடியதை இவர் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் சாமி வாயால் சொல்லச் சொல்வார்களோ என்னவோ.

காளியம்மாவை ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். கையில் ஒரு டப்பாவும், சீவிய பப்பாளிப் பழமும் இருந்தன.

“தஞ்சோங் ரம்புத்தானுக்கா?” என்றேன்.

“ஆமாக்கா. மூணு வாட்டி போயிட்டேன். இன்னும் பேசல.” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். “சாமியே தெரியாதுன்னு சொல்லிருச்சு. அப்புறம் நான்தான போயிப் பாக்கணும்.”

இதை அவரிடம் சொன்னேன். “ம்” என்றார்.

கோயிலில் சில மாதங்கள் வாக்கு இல்லை. வெறும் பூசை மட்டும் நடந்தது, இளநீர் வைத்து. கூட்டம் குறைந்தது. கோப்பெங் பக்கம் வேறொரு கோயிலில் சாமி நன்றாக வாக்குச் சொல்வதாகப் பேசிக்கொண்டார்கள். நாங்களும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சாயந்திர நேரத்திலும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமைகளில் நெடுநேரம் தூங்கினார். எழுந்து சாப்பிட உட்கார்ந்தால், குழம்பில் உப்பு குறைந்தாலும் கூடினாலும் ஒன்றும் சொல்வதில்லை.

ஆடித் திருவிழாவுக்குப் பழனியப்பன் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். போனோம். இவரை முன்னால் வரச் சொன்னார்கள். இவர் மறுத்துவிட்டுப் பின் வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

உறுமி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கூட்டத்தின் நடுவில் கூச்சல் கேட்டது. ஜெயபாலனுடைய லோரி ஓட்டும் தனேஸ்வரன் மேல் இறங்கிவிட்டது. நல்ல உயரமான ஆள். பந்தல் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவன், கயிற்றோடு பாதிப் பந்தலையும் இழுத்துக்கொண்டு சன்னதிக்கு வந்தான். மடித்து வைத்திருந்த கச்சையை அவன் இடுப்பில் அவசரமாகக் கட்டினார்கள். பழனியப்பன் சீவிய இளநீரை நீட்டினார். சாமி அதைத் தட்டிவிட்டது. இளநீர் உருண்டு செருப்புகளுக்கு நடுவில் போய் நின்றது.

“எங்கடா சரக்கு?”

பழனியப்பன் கூட்டத்தில் இவரைத் தேடுவது தெரிந்தது. இவர் அசையவில்லை. ஜெயபாலன் தன் காருக்கு ஓடினார். பின்பக்கத்தைத் திறந்து, எப்போதோ வாங்கி வைத்திருந்த பச்சைப் போத்தலை எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஓடிவந்தார். மூடியைத் திறந்ததும் புகை வாசம் எங்கள் வரிசைவரை வந்தது. என் பக்கத்தில் இவருடைய மூக்கு விரிந்ததை நான் கவனித்தேன்.

தனேஸ்வரன் போத்தலை வாயில் கவிழ்த்தான். தாகமெடுத்தவன் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதுபோல மடமடவென்று உள்ளே போயிற்று. பாதிப் போத்தல் காலியாகும்வரை அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வாயைத் துடைக்கவும் இல்லை.

என் வீட்டுக்காரர் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் ருசி பாக்கல,” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. கொஞ்ச நேரம் கழித்து, “சாமிதான்” என்றார்.

பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்று, மற்றவர்களோடு சேர்ந்து கைகூப்பினார்.